உன் காடிக்கு பிரேக் வாங்குகிறோம், அக்கா

என் அன்பு சரோஜா அக்காவுக்கு,

நேற்று மாலை உறுதியான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் காடியின் முன் சக்கரங்களில் இருக்கும் பிரேக் பேட்கள் ஒரே வகை அல்ல. வலப்பக்கம் ஒரு கம்பெனி, இடப்பக்கம் வேறொரு கம்பெனி. சொன்னவர் குணா, ஈப்போவில் என் வீட்டுக்குப் பக்கத்தில் கார் பட்டறை வைத்திருக்கும் போர்மன். சக்கரத்தைக் கழற்றி, என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். பார்த்தேன். எழுத்து வேறு, நிறமும் வேறு.

காடி ஏன் ஈப்போவுக்கு வந்தது என்று கேட்பாய். உன் மகள் ஷர்மினிக்குத் தஞ்சோங் ரம்புத்தான் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கவனிக்கும் மிஸ்ஸி வேலை கிடைத்திருக்கிறது. வருகிற திங்கட்கிழமை சேர வேண்டும். என் வீட்டில் தங்கி, தினமும் உன் காடியில் தனியாகப் போய் வரப் போகிறாள். நீ கண்ணை மூடிய பிறகு ஆயர் தாவாரில் அத்தான் அதை அவ்வப்போது ஸ்டார்ட் செய்து அணைப்பதோடு சரி. அதனால்தான் பிரேக்கை ஒருமுறை காட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

கழற்றுவதற்கு முன் குணா அவளை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பின்னால். முதல் சிவப்பு விளக்கில் காடி நின்றதும் அவர் அவள் கையைப் பார்த்தார்.

"ஏம்மா, பிரேக் போடறப்ப எதுக்கு ஸ்டேரிங்க வலப்பக்கம் இழுக்குற?"

"பிரேக்னா அப்படித்தானே அங்கிள்?"

"யாரு சொன்னா? லைசென்ஸ் குடுத்தவன் தூங்கிட்டானா லா?"

"அம்மா அப்படித்தான் ஓட்டுவாங்க."

அவர் ஆளில்லாத ஒரு சந்துக்குள் விடச் சொல்லி, கையைத் தளர்த்திக்கொண்டு பிரேக்கை அழுத்தச் சொன்னார். காடி இடப்பக்கம் லொங்காங் சாக்கடையைப் பார்த்து ஒதுங்கியது. இடது பேட் வலதைவிடக் கடுமையாகக் கடிக்கிறது, அதனால் வண்டி அந்தப் பக்கம் இழுக்கிறது என்றார் குணா. நீ அதைக் கையால் திருப்பித் திருப்பிச் சரிசெய்துகொண்டே ஓட்டியிருக்கிறாய். உன் பக்கத்தில் உட்கார்ந்து பழகிய பெண், அதையும் சேர்த்துப் பழகியிருக்கிறாள்.

உனக்குத் தெரியுமா, அக்கா? தெரிந்தே சமாளித்தாயா, இல்லை உன் கைக்கு மட்டும் தெரிந்து உனக்குத் தெரியாமலே போய்விட்டதா? நிறுத்தும்போதெல்லாம் உன் தோள் ஒரு பக்கம் சாயும். "சரோஜா பஸ்ஸு ஓட்டறா" என்று அத்தான் கிண்டல் செய்வார். நீயும் சிரிப்பாய்.

ஒரு பக்கத்தை மட்டும் மாற்றியது எங்கே என்று விசாரித்தேன். அத்தான் போனில் சொன்னார்: "பாகான் டத்தோ கல்யாணத்துக்குப் போனோம்ல, அப்பதான். எடது சக்கரம் சூடாயி பொகை வந்துச்சு. அங்கேயே ஒரு கடையில மாத்திட்டு வந்தோம்." ஷர்மினி ஒத்துக்கொள்ளவில்லை. அது ஆயர் தாவாரில் வீட்டு வாசலில் நடந்தது, புகையைத் தானே பார்த்தேன் என்கிறாள். இரண்டு சாட்சி, இரண்டு ஊர். சக்கரம் இடது என்பதில் மட்டும் இருவரும் ஒன்றுபடுகிறார்கள். ஆகவே அதை மட்டும் எழுதுகிறேன்.

பிறகு பழைய பேட்களையே திரும்ப மாட்டி, அதே காடியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனோம். கடைக்காரச் சீன அக்கா எடுத்த எடுப்பில், ஒரி வேண்டுமா, ஓஇஎம் வேண்டுமா என்றார். ஒரி என்றால் காடிக் கம்பெனியின் பெட்டியில் வருவது. ஓஇஎம் என்றால் அதே தொழிற்சாலைச் சரக்கு, அந்தப் பெட்டி இல்லாமல். அதே தொழிற்சாலைதான் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "அங்கிள், பெட்டியப் பாத்தா எனக்கே தெரியாது. எனக்கு விக்கிற ஆளப் பாத்துதான் வாங்குறேன்" என்றார் மலாயில்.

மூன்றாவதாக ரேஸ் பேட் ஒன்றையும் காட்டினார். ஷர்மினிக்கு அதன் சிவப்பு பிடித்துவிட்டது. குணா அதை அவள் கையிலிருந்து வாங்கித் திரும்ப வைத்தார். அது சூடேறினால்தான் நன்றாகக் கடிக்குமாம். மலையில் இறங்குகிறவர்களுக்குச் சரி, சிவப்பு விளக்குக்குச் சிவப்பு விளக்கு நிற்கிறவர்களுக்கு எதற்கு? உன் காடி மாடலுக்கு ஒரே பெயரில் இரண்டு அளவு பேட் உண்டு என்பதும் அங்கேதான் தெரிந்தது. குணா பழையதை வரைந்து கொண்டுவந்த அட்டையைப் புதியதன்மேல் வைத்துப் பார்த்து, நீட்டிக்கொண்டிருந்த ஓர முனையைத் தொட்டு, "காது உக்காரல" என்று தலையாட்டினார். கடையில் இருந்த ஒரி மற்ற அளவு. எங்கள் அளவு ஒரியை வரவழைக்கச் சொன்னோம், இரண்டு பக்கத்துக்கும் ஒரே பெட்டியிலிருந்து. பேட்கள் கவ்வும் டிஸ்க்குகளையும் சோடியாகவே மாற்றுகிறோம்.

பட்டறைக்குத் திரும்பும் வழியில் ஷர்மினி கேட்டாள். "மாமா, இப்பவும் நிக்கத்தானே செய்யுது? இப்படியே விட்டுறலாமா?"

"ஏன்மா?"

"கை தானா போறப்ப, அம்மா ஓட்டற மாதிரி இருக்கு. நேரா நின்னா நான் மட்டும்தானே ஓட்டணும்?"

பின்னால் இருந்த குணாதான் பேசினார். "மழையில வழுக்கினா அம்மா வந்து பிடிக்க மாட்டாங்கம்மா. பிரேக்க நான் மாத்திருவேன், உன் கைய நீதான் மாத்தணும். புது பேட் போட்ட பெறகும் வலப்பக்கம் இழுத்தேன்னு வையி, எதுத்தாப்புல வர்ற லாரிக்குள்ளதான் போவ."

பட்டறையில் இறங்கும்போது, "எப்ப வந்து எடுத்துக்கலாம் அங்கிள்?" என்று கேட்டாள்.

இன்னும் முடியாதவை இவை. பேட்களும் டிஸ்க்குகளும் கோலாலம்பூரிலிருந்து வியாழக்கிழமை வரும் என்கிறது கடை. வெள்ளிக்கிழமை பூட்டித் தருவதாகக் குணா சொல்லியிருக்கிறார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஒரு காலி மைதானத்தில் ஷர்மினி பிரேக் போட்டுப் பழக வேண்டும். கை எப்போது மறக்கும் என்று மட்டும் யாராலும் சொல்ல முடியவில்லை.

காடி நேராக நிற்கும்போது அவள் கையும் சும்மா இருக்கும்வரை, பக்கத்து சீட்டை விட்டு இறங்க மாட்டேன், அக்கா. அதற்குள் திங்கட்கிழமை வந்துவிட்டால், நானும் அவளோடு வேலைக்குப் போவேன்.

உனக்கு அடுத்துப் பிறந்தவன்,
ஷர்மினியின் மாமா,
ராகவன்