காதில் பூ வைக்கிற தீவு

மே 17, சனி

வெயில். காரின் ஸ்டியரிங்கைத் தொட முடியவில்லை என்று வித்யா புலம்பல். மகள் நன்றாகத்தான் ஓட்டுகிறாள், ஆனால் ஃப்ரீவேயில் லேன் மாறும்போது பயப்படுகிறாள். கரூரில் டூரிஸ்ட் வேன் ஓட்டிய நான் பக்கத்து சீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பது பெரிய தவம்.

சாயங்காலம் பக்கத்து ஊர் காப்பெல். தங்கை சரசுவைப் பார்க்க. வீட்டுக்காரர் தவறியபின் மகன் கார்த்தியோடு இருக்கிறாள். அடுத்த வாரம் குடும்பத்தோடு டஹிட்டித் தீவுக்குப் போகிறார்கள். சரசுவுக்கு இதுதான் முதல் சுற்றுலா. "கண்ணாடி மாதிரி தண்ணியாமுங்ணா, நின்னா கால் நகம் தெரியுமாமா?" என்று வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். இப்படி அவள் பேசிக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று.

சாப்பிட வந்திருந்த நாலு குடும்பமும் என்னைச் சூழ்ந்துகொண்டது. பாலினீசியாவைப் பற்றி டெக்ஸஸில் என்னைவிடத் தெரிந்தவர் இல்லை. ஹவாய் போய் வந்தவன். ஹவாயும் பாலினீசியாதான். ஒரே ஜனம், ஒரே கடல்.

நான் சொன்னவை:

பவளப்பாறை காலைக் கிழிக்கும். ரப்பர் செருப்போடுதான் கடலில் இறங்கணும். (எனக்குத் தெரிந்த ஒருத்தருக்குப் பாதம் முழுக்கத் தையல். கொஞ்சம் தெரிந்தவர்.)

கறிவேப்பிலை ஒரு ஈர்க்குகூடக் கூடாது. ஏர்போர்ட்டில் பெட்டியைத் திறந்து எடுத்துவிடுவான்.

ஞாயிற்றுக்கிழமை கடை அநேகமாக மூடல். பிரட், பழம் சனியே வாங்கணும்.

ஓட்டலில் டிப்ஸ் வைக்கிற வழக்கம் இல்லை. அமெரிக்காவில் பழகின கை அங்கே சும்மா இருக்கணும்.

சன் கிரீம், பவளத்துக்குக் கெடுதல் பண்ணாத வகை.

'மௌருரு' என்றால் நன்றி. 'ஆஹி' என்றால் நெருப்பு. நம்ம அகல்தான் அது, சோழர் கப்பலில் போன வார்த்தை. "மாமா, அந்தக் கப்பல் எந்த டெர்மினல்ல நின்னுச்சு?" என்றான் கார்த்தி. படித்தவனுக்கு வரலாறு தெரியாது.

கடைசியில் என் ஸ்பெஷல். விமானம் விட்டு இறங்கினதும் பூ கொடுப்பார்கள். இடது காதில் வைத்தால் கல்யாணம் ஆனவர், வலது காதில் வைத்தால் துணை இல்லாதவர். "புருஷன் இருக்காரான்னு கேட்டுத்தான் வெப்பாங்க, எந்தக் காதுன்னு தெரியணுமில்ல" என்றேன். ஒரே சிரிப்பு. சரசு காலித் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வடை நன்றாக இருந்தது. ஐந்து சாப்பிட்டேன், வித்யாவிடம் இரண்டு என்று சொல்லியிருக்கிறேன்.

மே 18, ஞாயிறு

மேகம். புல் வெட்டுகிற சத்தம். கார்த்தி போன்.

"மாமா, அம்மாகிட்ட என்ன சொன்னீங்க? வரலைங்கறாங்க."

"நானா? தண்ணி கண்ணாடின்னேன்."

"பூ மேட்டர். எல்லார் முன்னாடியும் புருஷன் இருக்காரான்னு கேப்பாங்களாம், இல்லைன்னு சொல்லி வலது காதுல வாங்கிக்கணுமாம். அதுக்கு நான் வீட்டைப் பார்த்துக்கிட்டு இங்கயே இருக்கேன்கறாங்க. மாமா, அப்பா போனதுலேர்ந்து அம்மா தானா ஆசைப்பட்டுக் கேட்டது இது ஒண்ணுதான்."

கவலைப்படாதே, நான் பேசினால் மலையும் அசையும் என்றேன். அசைந்திருக்கிறது, எத்தனையோ முறை.

மதியம் தூக்கம் வரவில்லை. வீட்டுக்காரர் போனபின் சரசு தலையில் ஒரு மல்லிகை வைத்து நான் பார்த்ததில்லை. எதிரிலேயே இருந்தது, கண்ணில் படவில்லை.

மே 19, திங்கள்

தூறல். வித்யா ஆபீஸ் போகிற வழியில் காப்பெலில் இறக்கிவிட்டாள். "அப்பா, ப்ளீஸ், புதுசா எதுவும் சேர்க்காதீங்க."

சரசு மேஜைமேல் புது ரப்பர் செருப்பு, ரசீதோடு, பைக்குள். கடையில் ரிட்டர்ன் பண்ணவாம்.

"பூ வேண்டாம்னா ஏர்போர்ட்டை விட்டு வெளிய விடமாட்டாங்க சரசு. அங்க சட்டமே அப்படி."

"எனக்கேவா காதுல பூ சுத்தறீங்க?"

"சத்தியமா!"

"உங்களுக்கு ஹவாய்ல எந்தக் காதுல வெச்சாங்க?"

யாரும் கேட்டதில்லை இதை. போனில் போட்டோ தேடினேன். கழுத்து நிறைய மாலை, காதில் வெள்ளைப் பூ, ராஜா மாதிரி நான். இடது காது.

"அண்ணி தவறி எவ்வளவு நாள் அப்போ?"

"ஒரு வருஷம்கூட ஆகலை."

"பொண்டாட்டி இருக்காளான்னு கேட்டாங்களா?"

"இல்லை."

"நீங்களாச்சும் வேண்டாம்னீங்களா?"

"போட வந்தாங்க. குனிஞ்சேன்."

"நம்ம கரூர் வாட்ஸாப் குரூப்புல வேற போட்டீங்க. மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்கன்னு அத்தனை பேரும் எழுதினாங்க. நானும்தான் எழுதினேன்." கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை.

போட்டோவை மூடினேன். 'கேட்டுத்தான் வெப்பாங்க' என்பது நான் சேர்த்தது, அங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை என்று ஒருவழியாகச் சொன்னேன். குழம்பில் காரம் சேர்ப்பதுபோலத்தான் சேர்த்தேன், அவள் நாக்கில் படும் என்று நினைக்கவில்லை.

காபி கொடுத்தாள். சர்க்கரை அதிகம். பிறகு, தானாகவே:

"வர்றேன். ஆனா பூ வேண்டாம்னுடுவேன். யாராவது போட்டோ எடுத்து கரூர்ல பார்த்தா, புருஷன் போன கையோட பூவு கேக்குதாம்பாங்க."

ரிட்டர்ன் பை அங்கேயே இருந்தது. கிளம்பும்போது பார்த்தேன், செருப்பு மட்டும் அதில் இல்லை.

மே 24, சனி

காற்று. ஏர்போர்ட்டில் வழியனுப்பினேன். பார்க்கிங் கிடைக்கவில்லை, நான் கைகாட்டிக் காட்டி ஒரு இடம் பிடித்துக் கொடுத்தேன். கார்த்தியிடம் கடைசி டிப்: கொசு மருந்து கைப்பையில் இருக்கட்டும், மழை வந்தால் ஓடாதே, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். இதில் எதுவும் சேர்க்கவில்லை.

சரசு ரப்பர் செருப்பைக் காலிலேயே போட்டுக்கொண்டு வந்திருந்தாள். பெட்டியில் இடமில்லையாம்.

மே 26, திங்கள்

லீவு. வித்யா வீட்டில் எல்லாரும் தூக்கம். மாத்திரை போட்டாயிற்று. டிகாஷன் இறங்கவில்லை.

கரூர் குரூப்பில் ஒரு போட்டோ. அனுப்பியது கார்த்தி இல்லை, சரசு. முழங்கால்வரை தண்ணீரில் நிற்கிறாள், சேலையைத் தூக்கிச் செருகியிருக்கிறாள், பின்னால் பச்சை மலை. காதில் வெள்ளைப் பூ, பெரியது. வலது காது. சிரிப்பு, பல்லெல்லாம் தெரிய.

குரூப்பில் சத்தமே இல்லை. யார் வீட்டில் இட்லி வெந்தாலும் 'சூப்பர்' போடுகிற சித்தி ஆன்லைனில்தான் இருக்கிறாள், ஒன்றும் போடவில்லை. பெரியப்பா மகனும் ஆன்லைனில்தான். அவன் பெண்டாட்டியும். டிகாஷன் இறங்கி, போட்ட காபியும் ஆறிவிட்டது. இன்னும் சத்தமில்லை.

நான் போட்டேன்: 'டஹிட்டி. அங்கே பூ வைக்காமல் கடலில் இறங்கக் கூடாது, அரசாங்கச் சட்டம். நான்தான் கண்டிப்பாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். யாருக்காவது சந்தேகம் இருந்தால் என்னிடம் கேட்கவும்.'

அடிப்பதாக இருந்தால் என்னை அடிக்கட்டும். எனக்குத் தோல் தடிமன்.

உடனே சரசுவின் பதில். எல்லாரும் பார்க்க, குரூப்பிலேயே:

'சட்டமெல்லாம் ஒண்ணும் இல்லீங்ணா. யாரும் கேக்கவும் இல்ல. ஆசையா இருந்துச்சு, வெச்சுக்கிட்டேன்.'