தொடக்கூடாத மெஷின்

மார்ச் 3, திங்கள்
பல் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம். வரவேற்பில் இருக்கும் அக்காதான் சொல்லிச் சேர்த்துவிட்டாள். இன்று டாக்டரம்மா கூப்பிட்டார். "உங்க அக்கா மெஷின்ல காசு கொடுத்து வாங்கின ஆப்பரேட்டிங் சிஸ்டம். எக்ஸ்ரே ரூம்ல நீங்க போட்ட இலவச சிஸ்டம். எது நின்னுபோகாம ஓடுதுன்னு ஒரு மாசம் பார்த்துச் சொல்லுங்க. ஒழுங்கா செஞ்சா வேலை நிரந்தரம்."

இதற்கு ஒரு மாதமா? ஜெயிக்கப்போவது இலவசம்தான். பாவம் அக்கா.

மார்ச் 4
என் மெஷின் மேல் காகிதம் ஒட்டினேன்: "சோதனை நடக்கிறது. தொடாதீர்கள்."

மார்ச் 7
அக்கா மெஷின் நான்கு தடவை உறைந்து நின்றது. என்னுடையது பூஜ்யம். சிவப்பு மையில் குறித்துக்கொண்டேன். அக்கா எட்டிப் பார்த்தாள். "சந்தோஷமாடா உனக்கு?"

சந்தோஷம்தான்.

மார்ச் 14
பதினொன்றுக்குப் பூஜ்யம். அக்கா வீட்டில்தான் இருக்கிறேன். சாப்பாட்டுத் தட்டு டங்கென்று வந்து விழுகிறது. மாமா காதோரம், "மாப்ளே, அவ மெஷின் நின்னா இங்க எனக்குத்தான் திட்டு. கொஞ்சம் பார்த்து எழுதக் கூடாதா?" என்றார். அதெப்படி முடியும்? சோதனை என்றால் சோதனை.

ஏப்ரல் 2
டாக்டரம்மா முன்னால் நோட்டை விரித்தேன். முப்பத்தொன்பதுக்குப் பூஜ்யம்! அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பரவாயில்லையே. ஒரு நாளைக்கு எத்தனை எக்ஸ்ரே ஏத்தினீங்க இதுல?"

எனக்கு எப்படித் தெரியும்? எக்ஸ்ரே எடுப்பவரைக் கூப்பிட்டுக் கேட்டார். அந்த மனுஷன், "தம்பிதான் தொடாதீங்கன்னு ஒட்டிட்டாரே. ஒரு மாசமா எல்லாப் படமும் வரவேற்பு மெஷின்லதான் ஏறுது" என்றார்.

அடக் கடவுளே! அப்புறம் அது நிக்காம என்ன செய்யும்? ரெண்டு மெஷின் வேலைய அது ஒண்ணே இழுத்திருக்கு — நான் உக்காந்து சிவப்பு மையில மார்க் போட்டிருக்கேன்! என் மெஷின் என்ன பண்ணுச்சு? சும்மா இருந்துச்சு. மானம் போச்சு.

காகிதத்தைக் கிழித்தேன். முதல் எக்ஸ்ரேயிலேயே என் மெஷினும் உறைந்தது. துரோகி.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "ரெண்டுலயும் அததோட வேலை நடக்கட்டும். இந்த மாசம் நீங்க எத்தனை தப்பு பண்றீங்கன்னு உங்க அக்கா எழுதட்டும். அதை வச்சுத்தான் வேலை."

ஏப்ரல் 3
அக்கா புது நோட்டு வாங்கியிருக்கிறாள். சிவப்புப் பேனாவும். செத்தேன்.

ஏப்ரல் 23
மதியம் இரண்டு மெஷினுக்கும் போகிற ஒயரில் கால் தடுக்கி, பிளக்கையே பிடுங்கிவிட்டேன். இரண்டு மெஷினும் அவுட். எதிரே நான்கு பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். டாக்டரம்மா சாப்பிடப் போயிருந்தார். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். நோட்டை எடுத்தாள்.

மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

மே 2, வெள்ளி
வேலை நிரந்தரம். கடிதம் கையில்!

எப்படி? அக்கா டீ குடிக்கப் போனபோது அவள் நோட்டைப் புரட்டினேன். ஏப்ரல் 23-க்கு நேரே, சிவப்பு மையில்: "தப்பு எதுவும் இல்லை."

எந்த சிஸ்டம் உசத்தி என்று டாக்டரம்மா கேட்டார். சமமாக வேலை கொடுத்தால் இரண்டும் ஒன்றுதான் என்றேன்.

சாயங்காலம் அக்கா மெஷின் ஒரு தடவை உறைந்தது. நான் எழுதவில்லை.