கனகா ஏறினால் நிமிரும் சக்கரம்

12-6-2003, வியாழன்

வாடிப்பட்டிக் கடைகளுக்குச் சுங்குடிச் சேலை போட்டுவிட்டுத் திரும்பும்போது, சமயநல்லூர் தாண்டி இடது பின் டயர் வெடித்தது. நான் மட்டும் இருந்திருந்தால் வெளியே தெரியாமல் அமுக்கியிருப்பேன். பக்கத்து சீட்டில் மாப்பிள்ளை வெங்கடேஷ்பாபு! திண்டுக்கல்லிலிருந்து ஏதோ வேலையாக மதுரைக்கு வந்துகொண்டிருந்தவரை, 'பஸ் எதுக்கு மாப்ள, நம்ம வண்டி இருக்கையில' என்று வாடிப்பட்டியில் இறங்கச் சொல்லி ஏற்றிக்கொண்டவனே நான்தான். பெருமை. அந்தப் பெருமைதான் டமார் என்றது.

பிப்ரவரியில் போட்ட டயர். வெளிப்பக்கம் புதுசு. உள் ஓரத்தில் கம்பி தெரிகிறது. பஞ்சர் கடைக்காரர் சொன்னார்: "என்னண்ணே, வெளிய பட்டுவேட்டி, உள்ள கோவணமாவுல்ல இருக்கு?"

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

15-6, ஞாயிறு

பயந்தது போலவே போன். சம்பந்தி துளசிராம். நாங்கள் பேசிக்கொள்வது சௌராஷ்டிர பாஷை. எழுதத் தெரிந்தது ஒன்பதாம் வகுப்புத் தமிழ்தான் என்பதால் அதிலேயே எழுதுகிறேன். சூடு பாதி குறையும்.

"சம்பந்தி, ஜூலை பதிமூணு சீமந்தம். முடிஞ்சதும் பொண்ண அழைச்சுட்டுப் போறது உங்க உரிமை, நான் குறுக்க நிக்கல. ஆனா அந்த வண்டியில வேணாம். ஏழு மாசப் புள்ளத்தாச்சி. நான் டாக்ஸி சொல்லிர்றேன்."

அவர் சொல்வது நியாயம். நியாயமாக இருப்பதால்தான் கோபம் வருகிறது. ஹம்சா உண்டாகியிருக்கிறாள் என்று தகவல் வந்த வாரத்தில்தானே இந்தப் பழைய சின்னக் காரை வாங்கினேன்? தலைப்பிரசவத்துக்கு என் மகளை என் வண்டியில் கூட்டிவருவேன் என்று தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. கேட்காதவர்களிடமும் சொல்லியாயிற்று.

"டயர் ஒரே சீராத் தேயுதுன்னு காட்டுனா?" என்றேன்.

"காட்டுங்க. அன்னைக்கு நானே குனிஞ்சு பாக்குறேன்."

இன்னும் இருபத்தெட்டு நாள்.

17-6, செவ்வாய்

பைபாஸில் கம்ப்யூட்டர் வைத்துச் சக்கரம் பார்க்கிற கடை. முன் சக்கரம் சுத்தமாம். பின் சக்கரத்துக்கு? "அதுல திருப்புறதுக்கு ஒண்ணுமே இல்ல சார். அப்படியே ஓட்டவேண்டியதுதான்."

அப்படியே ஓட்டித்தானே இந்தக் கதி.

18-6, புதன்

சிம்மக்கல் மெக்கானிக் பேயாண்டியிடம் போனேன். என்னைவிடப் பத்து வயது இளையவர், நூறு வயது மூத்தவர் மாதிரிப் பேசுவார்.

"வண்டிக்குப் பின்னாடி போயி நில்லுங்கண்ணே. ரெண்டு சக்கரத்தோட தலையும் உள்ள சாஞ்சிருக்குல்ல? அதுக்குப் பேருதான் கேம்பர். நட்டமா நிக்கணும். சாஞ்சா உள் ஓரம் மட்டும் ரோட்டுல ஒரசும்."

"அதுக்குத் திருப்பவே ஒண்ணும் இல்லைங்கிறாங்களே?"

"திருப்ப இல்லைன்னா தகடு வைக்க இல்லையா? சக்கரத்தத் தாங்குற தண்டுக்கும், அது மாட்டிருக்கிற கைக்கும் நடுவுல ஒரு தகடு. மேல கனமா, கீழ மெலிசா. சக்கரம் நிமிர்ந்துரும்."

நான்கு மாதம் வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்திருக்கிறேன். ஒரு நாளாவது பின்னால் நின்று பார்த்தேனா? பார்த்தால் இரண்டு சக்கரமும் ரகசியம் பேசுவதுபோல ஒன்றை ஒன்று பார்த்துச் சாய்ந்து நிற்கின்றன!

20-6, வெள்ளி

கொத்தனாரிடம் தூக்குக்குண்டு இரவல் வாங்கி, சக்கரத்துக்கு வெளிப்பக்கமாக நூலைத் தொங்கவிட்டு, ஸ்கேல் வைத்து அளந்தேன். மேல் விளிம்பு நூலிலிருந்து எவ்வளவு தூரம், கீழ் விளிம்பு எவ்வளவு தூரம், வித்தியாசம்தான் சாய்மானம். இடது பதினாலு மில்லி. வலது ஒன்பது. கணக்கில் நான் வாங்கிய மார்க்கைவிட இரண்டுமே அதிகம்.

டயரின் குறுக்கே சாக்பீஸால் கோடு போட்டுத் தெருக்கோடி வரை ஓட்டித் திரும்பினேன். உள்பக்கக் கோடு மட்டும் அழிந்திருந்தது.

கனகலட்சுமி வாசலில் நின்று கேட்டாள்: "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப இம்புட்டு நேரம் குனிஞ்சு பாத்தீங்களா?"

நான் குனிந்தபடியே அடுத்த சக்கரத்துக்கு நகர்ந்தேன்.

24-6, செவ்வாய்

லேத்தில் கடைந்த தகடு வந்தது. பேயாண்டி மாட்டினார். பிரேக்கை மூன்று தடவை மிதித்துப் பார்த்தோம். நூலும் சக்கரமும் ஒட்டிப் பிறந்த மாதிரி. வித்தியாசம் பூஜ்யம்! இரண்டு பக்கமும் பூஜ்யம்! வாழ்க்கையில் முதல் முறையாக நான் பூஜ்யம் வாங்கிச் சந்தோஷப்பட்டேன்.

ஹம்சாவுக்குப் போன் போட்டேன். "டாக்ஸியை மறந்துரு."

28-6, சனி

அவசரப்பட்டுவிட்டேன்.

பன்னிரண்டு பண்டல் சேலையோடு சோழவந்தான் போய், கடை பூட்டியிருந்ததால் அப்படியே திரும்பினேன். மதுரைக்குள் நுழையும் முன் ஓரங்கட்டிக் கோடு போட்டு ஓட்டிப் பார்த்தால் — மறுபடியும் உள் ஓரம்தான் அழிகிறது! வீட்டில் வந்து பண்டலை இறக்கிவிட்டு நூல் விட்டேன். பூஜ்யம். சக்கரம் என்னைப் பைத்தியக்காரன் ஆக்குகிறதா, இல்லை அந்த வேலை ஏற்கனவே முடிந்துவிட்டதா?

29-6, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன்! நான் இல்லை, கனகா. அவளுக்கே தெரியாது.

காலையில் மறுபடியும் நூலைத் தொங்கவிட்டு, சக்கரத்தடியில் குந்தி யோசித்துக்கொண்டிருந்தேன். கோயிலுக்குப் போகலாம் என்று சொல்லியிருந்தேனாம், மறந்துபோச்சு. அவள் பட்டுச்சேலை கட்டி வந்து, 'வருவாரா மாட்டாரா' என்று பின் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தி உட்கார்ந்துவிட்டாள். என் கண் முன்னால் சக்கரத்தின் தலை உள்ளே போனது. ஏழு மில்லி!

"கனகா, எறங்கு!"

"என்ன?"

"எறங்கு சொல்றேன்!" இறங்கினாள். சக்கரம் நிமிர்ந்தது. "இப்ப ஏறு!" ஏறினாள். சாய்ந்தது. "எறங்கு!"

எதிர்வீட்டு ராமக்காள் விளக்குமாற்றோடு வந்து நின்றுவிட்டார். "என்ன கனகா, ஒன்னைய எடை போடுறாரா ஒங்க வீட்டுக்காரரு?"

அதன்பிறகு கனகா எங்கள் பாஷையில் சொன்னது தமிழில் வராது. நல்லவேளை.

ஆனால் எவ்வளவு எளிது! இந்த வண்டியில் பின் சக்கரம் ஒவ்வொன்றும் தனித்தனிக் கையில் தொங்குகிறது. பாரம் ஏறினால் கை மேலே போகும், சக்கரம் உள்ளே சாயும். காலி வண்டிக்கு நான் அளவெடுத்தேன். என் வண்டி என்றைக்குக் காலியாகப் போயிருக்கிறது? சேலை, இல்லாவிட்டால் கனகா.

30-6, திங்கள்

கோயிலுக்குக் கூட்டிப் போனேன். பஸ்ஸில். அவள் வண்டியில் ஏற மாட்டேன் என்றாள்.

2-7, புதன்

சீமந்தத்தன்று திரும்பும்போது பின்னால் என்ன பாரம் இருக்கும்? அதற்குத்தான் அளவெடுக்க வேண்டும். ஹம்சாவிடம் போனில் கேட்டேன். "அறுபத்தெட்டு கிலோப்பா. அத்தைகிட்டச் சொல்லிராதீங்க." பழம், பலகாரம், பெட்டி என்று ஒரு முப்பது.

மிச்சம் கனகா. கேட்கிற தைரியம் எனக்கில்லை. பேயாண்டிதான் வழி சொன்னார்: "அக்கா ஏறுனப்ப ஏழு மில்லி சாஞ்சுச்சுல்ல? அதே சீட்டுல அரிசிய வச்சு, ஏழு மில்லி வர்ற வரைக்கும் ஏத்துங்க. அரிசிய நிறுத்துப் பாத்தா முடிஞ்சுபோச்சு."

ஏற்றினேன். நிறுத்தேன். எவ்வளவு என்று இங்கே எழுத மாட்டேன். இந்த நோட்டு வீட்டில் கிடக்கிற நோட்டு. இன்றிலிருந்து வண்டி டேஷ்போர்டுக்குள்தான் இருக்கும்.

5-7, சனி

அவ்வளவு பாரத்துக்கும் அரிசி மூட்டை அடுக்கி, முன் சீட்டில் நானும் உட்கார்ந்து, புதுத் தகடு. பாரத்தோடு இரண்டு பக்கமும் ஒரு மில்லிக்குள். கோடு சீராக அழிகிறது, முழு அகலத்துக்கும்! பேயாண்டி வாயைத் திறந்து சிரித்ததை இன்றுதான் பார்த்தேன்.

"காலியாப் போனா மட்டும் மெதுவாப் போங்கண்ணே."

ஒரு சின்ன விஷயம். காலியாக நின்றால் இப்போது சக்கரத்தின் தலைகள் வெளியே சாய்ந்து நிற்கின்றன. பின்னாலிருந்து பார்த்தால் அடி குறுகி மேலே விரிந்த டம்ளர் மாதிரி. ராமக்காள் கேட்டார்: "தம்பி, வண்டிக்குக் காலு ஒடஞ்சுபோச்சா?"

9-7, புதன்

சம்பந்தி குனிந்து பார்க்கப்போவது காலி வண்டியைத்தானே! சீர்த்தட்டெல்லாம் இறக்கிய பிறகுதானே பார்ப்பார்? இப்போதுதான் உறைக்கிறது. டாக்ஸியும் வரச்சொல்லியிருக்கிறாராம்.

வெள்ளிக்கிழமை வரை வாடிப்பட்டி இரண்டு நடை, சோழவந்தான் ஒரு நடை, பாரத்தோடுதான் போகப்போகிறேன், டயராவது சீராகத் தேயட்டும்.

13-7, ஞாயிறு. மாலை நாலு மணி

இதை வண்டிக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். என்ஜினை அணைத்துவிட்டேன். எங்கள் தெருமுனை, வேப்பமர நிழல்.

காலையிலிருந்து எழுதவேண்டும். திண்டுக்கல்லில் சீர்த்தட்டுகளை இறக்கியதும் துளசிராம் சம்பந்தி பட்டு அங்கவஸ்திரத்தை இடுப்பில் செருகிக்கொண்டு நேராக வண்டிக்குப் பின்னால் போய்க் குனிந்தார். டாக்ஸி தள்ளி நின்றது. டிரைவர் பல் குத்திக்கொண்டிருந்தார்.

"சம்பந்தி! முன்னைக்கு இப்ப மோசமாவுல்ல இருக்கு! அப்ப உள்ள சாஞ்சுச்சு, இப்ப வெளிய சாஞ்சிருக்கு!"

பத்துப் பதினைந்து பட்டுச்சேலைகள் திரும்பிப் பார்த்தன. எனக்குக் காது சுட்டது. விளக்கலாம். கேம்பர், கை, தகடு. யார் கேட்பது? சொன்னேன்: "ஏறி உக்காருங்க."

"யாரு?"

"நீங்க. மாப்ளையும் உங்க தம்பியும் பாக்கட்டும்."

ஏறினார். சம்பந்தி நல்ல உடம்பு. "அண்ணே, நிமிருது!" என்றார் தம்பி. சம்பந்தி நம்பவில்லை. இறங்கினார், தம்பியை ஏற்றினார், தானே குனிந்து பார்த்தார். பிறகு இரண்டு பேரும் ஏறினார்கள். மாப்பிள்ளையைப் பார்க்கச் சொன்னார். நான் சாக்பீஸை எடுத்துக் கோடு போட்டு, அவர்களைத் தெருக்கோடி வரை ஓட்டிப்போய்த் திரும்பினேன். கோடு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை சீராக அழிந்திருந்தது. சம்பந்தி விரலால் தடவிப் பார்த்தார். விரலில் வெள்ளை ஒட்டவில்லை. வெடித்ததற்குப் பதிலாகப் போட்ட ஒரு மாத டயரையும் தடவினார், உள் ஓரம், வெளி ஓரம், மறுபடி உள் ஓரம்.

"பாரம் இருந்தாத்தான் ஒழுங்கா நிக்குமோ?"

"ஆமா. குடும்பஸ்தன் வண்டி."

சிரிப்பார் என்று நினைத்தேன். விறுவிறுவென்று உள்ளே போனார். சரி, முடிந்தது என்று நினைத்தேன். சடங்கு முழுக்க என் கண் ஹம்சாவின் வளையலிலும் இல்லை, ஐயர் பேச்சிலும் இல்லை. வாசல் டாக்ஸியில்தான் இருந்தது.

சாப்பாடு முடிந்து கிளம்பும்போது பார்த்தால் டாக்ஸியைக் காணோம். சம்பந்தி இரண்டு தலையணையோடு வந்து, என் வண்டிப் பின் கதவைத் தானே திறந்து, ஒன்றை ஹம்சா முதுகுக்கும் ஒன்றைக் காலடிக்கும் வைத்தார். கதவை மெதுவாகச் சாத்தினார்.

ஹம்சா பாவம், விடிகாலை மூன்று மணிக்கு எழுந்தவள். நான் சாவி போடுமுன்பே கண் சொக்கிவிட்டது. அறுபது கிலோமீட்டரும் கண்ணாடியில் அவளைப் பார்த்துப் பார்த்து வந்தேன். 'எப்படிம்மா இருக்கு வண்டி?' என்று கேட்க வாய் அரித்தது. கேட்க ஆள் விழித்திருக்கவேண்டுமே! ஒரு மாதம் மில்லி மில்லியாக அளந்தவனுக்கு ஒரு பாராட்டுக் கிடையாது. வாய் திறந்து, குறட்டை வேறு. அவள் அம்மா மாதிரியே.

கனகா முனையிலேயே இறங்கி ஓடிவிட்டாள். இதோ ஆரத்தித் தட்டோடு வாசலில் நிற்கிறாள், ராமக்காளும் கூட. நாலரைக்கு ராகு காலம். மணிக்கட்டைத் தட்டிக் காட்டுகிறாள். நான் உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். மறுபடி தட்டுகிறாள். நான் தலையாட்டிவிட்டு எழுதுகிறேன்.

நாலு இருபது. பின் சீட்டில் வளையல் சத்தம்.

"அப்பா... இன்னுமா கெளம்பல?"