கடைசி இரண்டு அடி

கடாவுத் தீவு,
சனிக்கிழமை மத்தியானம்.

அன்பு நாத்தனார் சலசேனிக்கு,

நான் சுகம். நீயும் அங்கே குளிரில் சுகமாக இருக்க வேண்டும். நம் ஊர் மரிகா உங்கள் திராட்சைத் தோட்டத்துக்கு வேலைக்குக் கிளம்பிவிட்டாள். இந்தக் கடிதத்தை அவளிடம்தான் கொடுத்தனுப்புகிறேன். அவளைக் கப்பலில் ஏற்றிவிடப் போவதே நான்தான். மூட்டையோடு படகில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருக்கிறாள். போனில் சொல்லலாமே என்பாய். சிக்னலுக்குக் குன்றின் உச்சிக்கு ஏற வேண்டும். அங்கே நின்று கத்தினால் என் மானம் கப்பலேறும் முன்னே ஊர் முழுக்கப் போய்விடும்.

உன் கடிதம் வந்த நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மரவள்ளியை அடுப்பில் வைத்துவிட்டுக் கடற்கரைக்குப் போகிறேன், போன வேலை மறந்து திரும்புகிறேன். உன் அண்ணன், என் புருஷன் ஏரோனி, அந்தப் பெண்ணை விட்டு உங்கள் குடியிருப்புக்கே வந்துவிட்டான், நம் ஊர்ப் பையன்கள் என் பாட்டைப் பாடக் கேட்டு அழுதான், என்னிடம் திரும்ப வருகிற வியாழக்கிழமை விமானம் ஏறுகிறான் என்று எழுதியிருந்தாய். நல்ல செய்தி என்று நினைத்துத்தான் எழுதினாய். உன்மேல் கோபமில்லை.

அந்தப் பாட்டு எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும். அவன் இனி வரமாட்டான், அங்கே ஒருத்தியோடு இருக்கிறான் என்று சேதி வந்த அன்று துறையில் உட்கார்ந்து புலம்பினேன். அதுதான் பாட்டு. என் மாமன் மகன் சொலமோனே அதைக் கித்தாரில் ஏற்றினான். யங்கோனா வேர்ச்சாறு குடிக்கச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்த ஆண்கள் எல்லாரும் அழுதார்கள்.

*கப்பல் வரும் திசை பார்த்துக் கிடக்கிறேன்,*
*கயிறிழுக்கக் கையில்லை, வந்துவிடு.*

அழுதது போதாதா? கல்யாணத்தில் பாடினார்கள், கோயில் விருந்தில் பாடினார்கள். பாடி முடிந்ததும் யாராவது ஒருத்தி ஒரு துண்டு மீனை என் இலையில் வைத்து, "சாப்பிடும்மா, பாவம்" என்பாள். மீனை விழுங்குவதா, அந்தப் பாவத்தை விழுங்குவதா? ஒருநாள் இலையை அப்படியே விட்டு எழுந்து போய், கவிழ்ந்து கிடந்த என் அப்பாவின் படகைப் புரட்டினேன். ஏரோனி ஓட்டிய படகு, அவன் போனதிலிருந்து ஏழு மாதமாகக் கிடந்தது. எஞ்சின் கயிற்றை இழுத்து இழுத்து உள்ளங்கை கொப்பளித்தது. சொலமோனே தென்னைமரத்தில் சாய்ந்து நின்று, "என்ன மச்சினி, எஞ்சினுக்குத் தாலாட்டா? தூங்கிருச்சு பாரு!" என்றான். "வாயை மூடிட்டு வந்து தள்ளுடா தடியா" என்றேன். மூன்றாம் நாள் பிடித்துக்கொண்டது. இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள், சந்தைப் பெண்கள், கப்பலில் வந்து இறங்குகிறவர்கள், எல்லாருக்கும் என் படகுதான். இன்னும் சில விடியற்காலையில் அவனை நினைத்து அழுகிறேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அழுதுகொண்டே எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றுகிறேன்.

பாட்டின் முடிவையும் மாற்றினேன். சொலமோனே ஒத்துக்கொள்ளவில்லை. "ஜனங்க அழற எடமே அதான். அதுல போய்க் கை வைக்கிறியே, ஒனக்கு மூளை இருக்கா?" என்று சண்டைக்கு வந்தான். அதனால் பழைய பாட்டே கடல் தாண்டி உங்களிடம் வந்துவிட்டது. நான் எப்போதோ விட்டுவிட்ட கெஞ்சலைக் கேட்டு இவன் கிளம்புகிறான்.

பயம் என்ன தெரியுமா? உன் சித்தப்பாமார் திமிங்கலப் பல்லைத் தயார் செய்துவிட்டார்கள். அடுத்த சனிக்கிழமை அதை என் பெரியப்பாவின் முன் வைத்து மன்னிப்புக் கேட்பார்கள். "பல்லு வந்து எறங்கிட்டா நான் கையை மடக்க முடியாதும்மா, வம்சத்துக்கே கேவலம்" என்று அவர் இப்போதே சொல்லிவிட்டார். அவர் வாங்கினால் நான் அவனிடம் திரும்பப் போனதாக ஆகிவிடும். பல்லை வைக்கும் முன்பே அவன் வேண்டாம் என்று நின்றால்தான் நான் தப்ப வழி உண்டு.

உன்னால் அண்ணனிடம் நேருக்கு நேர் பேச முடியாது. கூடப் பிறந்தவர்கள் அப்படிப் பேசுவது நம் வழக்கமில்லை. ஆனால் பாடலாம். மரிகா செவ்வாய்க்கிழமை வந்துவிடுவாள். புதன்கிழமை சாயங்காலம் எல்லாரும் உட்காரும்போது, அவன் இருக்கும்போது, நீ பாடு. கடைசி இரண்டு அடி இப்படி:

*கயிறு என் கைக்குப் பழகிவிட்டது,*
*கடல் என்னிடம் உன்னைக் கேட்பதில்லை.*

அவன் உன் ரத்தம் என்று தெரிந்தேதான் கேட்கிறேன். உன்னை விட்டால் எனக்கு அங்கே குரல் இல்லை.

கப்பல் ஊதிவிட்டது. மரிகா கத்துகிறாள்.

கேட்ட பிறகும் அவன் வந்தானென்றால், கப்பலிலிருந்து கரைக்கு என் படகைத் தவிர வேறு வழியில்லை. ஏறட்டும். மற்றவர்களோடு முன்பக்கம் உட்காரட்டும். எஞ்சின் பக்கம் என் இடம்.

கடவுள் உன் தொண்டையைக் குளிரிலிருந்து காக்கட்டும். பாடிவிடடி, தாயே.

அவனுக்கு மனைவியாக இல்லாவிட்டாலும் உன் அண்ணியாகவே என்றும் இருக்க ஆசைப்படும்,
விலிமைனா