ஆறாவது டிராக்கின் வால்

எவுடோமார்,

பெட்ரோல் வரிசையில் நிற்கப் போகிறேன். எப்போது திரும்புவேனோ தெரியாது. அரேப்பா ரொட்டி துணிக்கு அடியில் இருக்கிறது, சீஸ் முழுவதையும் நீயே தின்றுவிடாதே.

பத்து மணிக்கு என் தம்பி நெர்வின் லேப்டாப்போடு வருவான். ரெக்கார்டரில் இருக்கும் நம் பாட்டைக் கரண்ட் போவதற்குள் லேப்டாப்பில் ஏற்றிவிடுங்கள். மத்தியானம் பாட்டுக் குழுக்காரர்கள் ரெக்கார்டரை எடுத்துப்போய், எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் புதுப் பாட்டு பதிவார்கள்.

மேளம், குரல் என்று தனித்தனியாகப் பதிந்த எட்டு டிராக்கையும் ஆரம்பத்திலிருந்தே எடுங்கள். போன தடவை "சும்மா கெடக்குற எடம் எதுக்கு?" என்று ஒவ்வொன்றிலும் சத்தம் தொடங்கும் வரை இருந்த முன்பக்கத்தை வெட்டினாய். மேளம் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம் ஓடியது.

ஆறாவது டிராக்கில் நம் யோசெலின் பாடியிருக்கிறாள். அதன் வாலையும் வெட்டாதே. பாடி முடித்ததும், "அப்பா, நல்லா இருந்துச்சா?" என்று கேட்கிறாள். ஊரை விட்டுப் போகிறாளே என்ற கோபத்தில் நீ வாயே திறக்கவில்லை. மறுவாரம் லிமாவுக்குப் பஸ் ஏறிவிட்டாள். அந்த ஒரு வரியைத்தான் தினமும் ஹெட்போனில் கேட்கிறேன்.

நெலிட்சா

பின்கதவைப் பூட்டு.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை அவள் கூப்பிடும்போது போனை என்னிடம் நீட்டாதே. அவள் கேட்டதற்கு நீயே பதில் சொல்.