வாடைப்பக்கத்து டர்ன்பக்கிள்

டைட்டன், வடகடல் ஆய்வு நிலையம்
பதிவு: செலஸ்டினா மொராயிஸ், கடல் வேதியியலாளர்

மார்ச் 3, 08:10
வெப்பம்: மைனஸ் 180. காற்று மிதம். மேற்குக் கரைக் கூடாரத்தில் இஞ்ஞாசியின் ஆக்சிஜன் இயந்திரத்து வால்வு உடைந்துவிட்டது. இஞ்ஞாசி என் கொழுந்தன், அண்ணன் மனைவியான என்னை மைனி என்பான்; நிலையத்தின் மெக்கானிக். எங்கள் இருவரைத் தவிர இங்கே யாரும் இல்லை. அவனிடம் இருக்கும் காற்று நாற்பது மணி நேரத்துக்குக் காணும். மாற்று வால்வு என்னிடம் இருக்கிறது. படகின் மோட்டார் போன மாதமே கருகிவிட்டது. பதினாறு வருடப் பழைய படகு. பாய் விரித்துத்தான் போக வேண்டும்.

புறப்படுமுன் ஒரு வேலை பாக்கி. பாய்மரத்தை இரு புறமும் கம்பிகள் இழுத்துப் பிடிக்கின்றன. கம்பிக்கு முறுக்கேற்றுவது அடியிலுள்ள டர்ன்பக்கிள். பழுதுப் புத்தகத்தில் இஞ்ஞாசி எழுதியிருக்கிறான்: "வாடைப்பக்கத்து டர்ன்பக்கிளில் விரிசல். மாற்றாமல் கடலுக்குப் போகாதே."

வாடை என்றால் வடக்கு. எங்கள் கடற்கரையில் திசையைக் காற்றின் பெயரால்தான் சொல்வோம். படகின் மூக்கு கிழக்கே பார்க்கிறது. ஆக, இடது பக்கம்.

மார்ச் 3, 13:25
உதிரிப் பெட்டியின் மேல் "நான்கு" என்று எழுதியிருக்கிறது. உள்ளே ஒன்று. எழுதிய மகராசன் யாரோ, நன்றாக இருக்கட்டும்.

மரை உறைந்து கிடக்கிறது. இரண்டு ஸ்பானர் சேரவில்லை. மூன்றாவது சேருகிறது, ஆனால் நழுவுகிறது. கையுறை போட்டுக்கொண்டு, மரை கழலாமல் பூட்டும் காட்டர் பின்னைப் பிடுங்குவதற்குள் உயிர் போகிறது. ஐந்து மணி நேரத்தில் ஒரே ஒரு பின்.

மார்ச் 3, 17:45
கழன்றது. பழையதைத் துடைத்துப் பார்த்தேன். விரிசல் கண்ணில் படவில்லை, மயிரிழையாக இருக்கும். ஒரு பகல் முழுக்க என்னைப் பாடாய்ப்படுத்திய சனியன். வந்த ஆத்திரத்தில் மீத்தேன் கடலில் வீசினேன். இந்த ஈர்ப்பில் அது விழக்கூட அவசரப்படவில்லை. புதியதை மாட்டி முறுக்கிவிட்டேன்.

18:30க்குப் புறப்பாடு.

மார்ச் 4, 09:20
பதினைந்து மணி நேரமாக இடப்புறக் காற்று. இடது கம்பி விறைப்பாக நிற்கிறது. இஞ்ஞாசி ரேடியோவில் வந்தான். அப்படியே எழுதி வைக்கிறேன்.

"மைனி, வெடிப்பு பெருசா இருந்துச்சா?"

"கண்ணுக்கே தெரியல லே. எடது பக்கத்தை மாத்தியாச்சு."

"எடதா? ஐயோ மைனி, நான் பாக்கும்போது படகு மூக்கு கச்சானைப் பாத்துல்லா கெடந்துச்சு!"

கச்சான் என்றால் மேற்கு. மூக்கு மேற்கே பார்த்தால் வாடைப்பக்கம் வலது. ஆடித் திரும்புகிற படகுக்கு எவனாவது திசையை வைத்துப் பக்கம் குறிப்பானா? குறித்தவன் எங்கள் ஊர்க்காரன். கேள்வி கேட்காமல் நம்பியவளும் அதே ஊர்க்காரி. நல்ல டர்ன்பக்கிளைக் கழற்றிக் கடலில் போட்டுவிட்டு, விரிசல் விட்டதை வலப்புறத்தில் வைத்துக்கொண்டு வருகிறேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. ஆத்திரக்காரிக்கு அதுவும் கிடையாது.

மார்ச் 4, 09:50
வலது டர்ன்பக்கிளைப் பார்த்தேன். விரிசலில் கத்தி முனை நுழைகிறது.

கூடாரத்துக்கு நேர்வழி நான்கு மணி நேரம். ஆனால் பாயைத் திருப்ப வேண்டும். முழுக் காற்றும் வலது கம்பியில் விழும். இடையிலுள்ள தீவைச் சுற்றினால் காற்று இடப்புறமே இருக்கும். அது இருபத்திரண்டு மணி நேரம்.

"சுத்தியே வாங்க மைனி. இன்னும் முப்பது மணி நேரத்துக்குக் காத்து கெடக்கு."

நேற்றுக் காலை நாற்பது என்றான். இருபத்தைந்து மணி நேரம் மூச்சு விட்ட பிறகு முப்பது என்கிறான். காற்று என்ன குட்டியா போடுகிறது? இருப்பது பதினைந்துதான். எனக்குக் கணக்குத் தெரியாது என்று நினைத்துவிட்டான் மடையன்.

கோபமாக வருகிறது. அவன் மேலும், என் மேலும். அழுகையும் வருகிறது. ஹெல்மெட்டுக்குள் கண்ணைத் துடைக்க முடியாது.

மார்ச் 4, 10:35
என் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து, டர்ன்பக்கிளைச் சுற்றி மூன்று கட்டுப் போட்டிருக்கிறேன். இனி என்னைப் படகோடு பிணைக்க எதுவும் இல்லை. வால்வை மிதவைப் பெட்டியில் பூட்டிவிட்டேன். இதைக் கண்டெடுப்பவர் முதலில் அதை மேற்குக் கரைக்குக் கொண்டுபோங்கள்.

இஞ்ஞாசியிடம் "சுத்தித்தான்ல வாரேன், நீ படுத்துத் தூங்கு" என்று சொல்லிவிட்டேன். பொய்க்குப் பொய்.

மார்ச் 4, 10:41
திருப்பினேன். வலது கம்பியில் முறுக்கு ஏறுகிறது. கயிறு தாங்குகிறது. தாங்குகிற

மார்ச் 4, 10:43. தானியங்கிப் பதிவு
பாய்மரச் சாய்வு: 14 பாகை. 37. 88.
படகில் ஆள் எடை: இல்லை.

மார்ச் 4, 10:52. தானியங்கிப் பதிவு, வந்த குரல்
"மைனி, தூக்கம் வரல. அவசரமே படாதீங்க, என்ன. மெதுவா சுத்தியே வாங்க. எனக்குக் காத்து நெறைய கெடக்கு."