ரைஹானா ஆன்லைனில் இருக்கிறார்

தம்மாம்,
3 நவம்பர் 2024

அன்புள்ள சாஜிதாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நான் நலம். போனில் பேசும்போது உம்மா உன் பக்கத்திலேயே இருப்பதால் இதை மெயிலில் எழுதுகிறேன்.

போன லீவில் ஆளுக்கொரு கையடக்க கேம் செட் வாங்கியது, தூரத்தில் இருந்தாலும் சேர்ந்து விளையாடத்தான். உன்னுடையதை நானே ஒழுங்குபடுத்திக் கொடுத்தேன். கறுப்புத் திரை, வரிசையாக என் விளையாட்டுகள், 'அப்சர்-2' என்று பெயர். நேற்று வேலை முடிந்து வந்து என் செட்டைத் திறந்தால், நண்பர்கள் பட்டியலில் 'ரைஹானா ஆன்லைனில் இருக்கிறார்' என்று வருகிறது.

உயிரில்லாமல் பிறந்த பிள்ளையின் பெயரை விளையாட்டுச் சாமானிலா வைப்பார்கள்? நாலு மாதம் ஆகிவிட்டது. மறக்கப் பார். பெயரை எடுத்துவிட்டுத் திரையைப் பழையபடி மாற்றிவை. மருந்தை நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்சர்

*

முத்துப்பேட்டை,
5 நவம்பர்

அன்புள்ள மச்சானுக்கு,

வஅலைக்கும் ஸலாம். மருந்து முடிந்து வெகுநாளாகிறது. நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

திரையை மாற்றியது நான்தான். அந்தக் கறுப்பைப் பார்க்கவே பிடிக்கவில்லை. கொல்லைக்குப் பின்னால் சம்பா பச்சை பிடித்து நிற்கிறது. அதைப் படமெடுத்துப் பின்னணியாகப் போட்டேன். சுடுகிற, வெட்டுகிற விளையாட்டுகளை ஒரே ஃபோல்டரில் தள்ளி 'மச்சானுடையது' என்று எழுதினேன். தோட்டம் போடுகிற விளையாட்டை முன்னால் கொண்டுவந்தேன். பிறகு பெயர். நான் அப்சர்-2 இல்லை, மச்சான்.

ஏழு மாதம் வயிற்றில் வைத்து அந்தப் பெயர் சொல்லித்தான் அவளோடு பேசினேன். நீங்களும் போனில் அப்படித்தான் கூப்பிட்டீர்கள். அவள் பிறந்த அன்றைக்கு உங்களுக்கு லீவு கிடைக்கவில்லை, அதைக் குறை சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அவள் பெயரை நீங்கள் சொல்லவில்லையே. நான் சொன்னால் மாமி எழுந்து போய்விடுகிறார்கள். இந்த வீட்டில் அவள் பெயர் எழுதியிருக்கிற இடம் இது ஒன்றுதான். மாற்ற மாட்டேன்.

சாஜிதா

*

தம்மாம்,
9 நவம்பர்

சாஜிதா,

இவ்வளவு பிடிவாதம் உனக்கு எங்கிருந்து வந்தது? அடுப்படியில்கூட அதைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறாயாம். உம்மா அழுதுகொண்டே சொன்னார்கள். செட்டை அவர்களிடம் கொடுத்துவிடு, பீரோவில் வைத்துப் பூட்டட்டும். இல்லையென்றால் என் பட்டியலிலிருந்து அந்தப் பெயரை நானே நீக்கிவிடுவேன்.

அப்சர்

*

முத்துப்பேட்டை,
10 நவம்பர்

மச்சானுக்கு,

மாமி கையை நீட்டிக் கேட்டார்கள். "குடு புள்ள. போனது போச்சு. அவன் மனசை ஏன் நோகடிக்கிறே?"

"இதுல கை வைக்காதீங்க மாமி," என்றேன். "அவ பேரு ரைஹானா. உங்க மகனோட மக."

மாமி கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்கள். திட்டுவார்கள் என்று நினைத்தேன். "அவளைக் குளிப்பாட்டினது நான்தான்," என்றார்கள். "உன்னை மாதிரியே நெத்தி." பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். காட்டினேன். விரலால் தொட்டுப் பார்த்தார்கள்.

ஆகவே செட் பீரோவுக்குப் போகாது. உங்கள் பட்டியல் உங்கள் இஷ்டம். ஆனால் நீக்குவதற்கு முன்னால் 'ரைஹானாவை நீக்கவா?' என்று அது கேட்கும். வாய்விட்டுப் படித்துவிட்டு அழுத்துங்கள்.

சாஜிதா

*

தம்மாம்,
19 நவம்பர்

அன்புள்ள சாஜிதாவுக்கு,

செட் கேட்டது. என்னால் அழுத்த முடியவில்லை.

ரூமில் கூட இருக்கும் ஷேக் பரீத் எட்டிப் பார்த்து, "யாரு பாய், தங்கச்சியா?" என்றார். "மக," என்றேன். அவர் என் தோளில் கைபோட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

இன்று உன் அண்ணன் சுஹைபைக் கூப்பிட்டேன். அன்றைக்கு அவளைத் தூக்கிக்கொண்டு போனது அவன்தானே. எங்கே அடக்கினான் என்று இதுவரை நான் கேட்டதே இல்லை. பள்ளிவாசல் மதிலோரம், தென்கோடி என்றான்.

ரம்ஜான் முடியும்வரை லீவு இல்லை என்கிறார் சூப்பர்வைசர். வேலையே போனாலும் சரி, அடுத்த மாதம் ஊருக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். கபரஸ்தானுக்குப் பெண்கள் வரக்கூடாது என்று ஊரில் நாலு பேர் சொல்வார்கள். சொல்லட்டும். நாம் இரண்டு பேரும் போவோம். உம்மாவுக்கு விருப்பம் இருந்தால் அவர்களையும் கூப்பிடு.

இப்படிக்கு,
ரைஹானாவின் வாப்பா